தபாலில் வந்த பல்கலைக்கழகம்



பாதி வகுப்பு நேரில், பாதி ஸூமில். பல்கலைக்கழகம் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் 'கலப்புக் கற்றல்' என்கிறார்கள். கொரோனாவோடு வந்த புதுச் சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் இதற்கு ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. வசதியில்லாத பிள்ளையை மனதில் வைத்துத் தொடங்கிய வரலாறு அது.

தூரத்திலிருந்து பட்டம் பெறுவது அதைவிடப் பழையது. லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே வெளிவாரிப் பட்டத்தைத் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் அந்த லண்டன் பரீட்சைக்குத்தான் மாணவர்களைத் தயார்படுத்தியது. ஆனால் லண்டன் வைத்தது பரீட்சை மட்டும்தான். படிப்பிக்க ஆள் தேடுவது மாணவரின் பாடு.

படிப்பிப்பதையும் வீட்டுக்கே கொண்டுபோனது பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம். 1963இல் ஹரோல்ட் வில்சன் இந்த யோசனையை முன்வைத்தபோது சொன்ன பெயர் 'வானலைப் பல்கலைக்கழகம்'. 1971இல் சுமார் 24,000 பேருடன் வகுப்புகள் ஆரம்பித்தன. பிபிசி தொலைக்காட்சியில் பாடம் போனது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பாடங்கள் ஒளிபரப்பான பிபிசி 2 அலைவரிசை அப்போது நாட்டின் எல்லா மூலைக்கும் எட்டவில்லை. அதனால் படிப்பின் முதுகெலும்பு தபாலில் வந்த அச்சுப் புத்தகம்தான். விஞ்ஞான மாணவர்களுக்குச் சிறிய நுணுக்குக்காட்டி, பரிசோதனைப் பொருட்கள்கூடப் பெட்டியில் வீட்டுக்குப் போயின. பக்கத்து நிலையத்தில் ஆசிரியரைச் சந்திக்கலாம், கோடையில் ஒரு வாரம் நேரடி வகுப்பு. ஒளிபரப்பைத் தவறவிட்டவரும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கரைசேரலாம்.

நம் நாட்டிலும் அதே வழிதான். 1972இல் வெளிவாரிச் சேவைகள் முகவர் நிலையம், 1976இல் தொலைக்கல்வி நிறுவகம், இரண்டையும் உள்வாங்கி 1980இல் நாவலவில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். பாடப் புத்தகம் கைக்கு வரும், ஒப்படையை எழுதி அனுப்ப வேண்டும், குறித்த நாட்களில் நிலையத்தில் 'டே ஸ்கூல்'. வேலைக்குப் போனவர்கள், கலியாணம் முடித்த பெண்கள், இசற் புள்ளியில் தவறியவர்கள் என்று எத்தனையோ பேர் அதில் பட்டம் எடுத்தார்கள். ஊரை விட்டு விடுதிக்கு மகளை அனுப்பத் தயங்கிய வாப்பாமாருக்கும் அது ஒரு வழியைக் காட்டியது.

இனி 2020. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, சில வாரங்களில் விரிவுரைகள் இணையத்துக்குப் போயின. பல்கலைக்கழகத் தளங்களுக்கான டேட்டாவைத் தொலைத்தொடர்புக் கம்பனிகள் இலவசமாக்கின. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஐந்தில் ஒரு வீட்டில்தான் கம்பியூட்டர் இருந்தது. டேட்டா இலவசமானாலும் கவரேஜ் வேண்டுமே. ஊவாவில் ஒரு கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகள் 2021இல் பாடத்துக்காகப் பாறை ஏறிய படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதே மாதிரியான ஊர்களில் பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தார்கள். 2022 ஜூனில் எரிபொருள் இல்லையென்று மறுபடியும் ஒன்லைன். அதற்குச் சில மாதம் முன்புதான் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்திருந்தோம்.

பழைய முறையில் புத்தகம் முதலில், நேரடி வகுப்பு அடுத்து, அலைவரிசை துணைக்கு. நாம் அதைத் தலைகீழாக்கி, குறித்த மணிக்குக் குறித்த திரைக்கு முன் இருந்தே ஆகவேண்டிய நேரலையை நடுவில் வைத்தோம். கரண்ட் போன பிள்ளைக்கு அன்றைய விரிவுரையும் போனது, சில இடங்களில் வரவும் போனது. அச்சடிப்பதும் இலகுவல்ல என்பது சரி. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. ஆனால் ஒரு பிடிஎப்பை வாட்ஸ்அப்பில் ஒருதடவை இறக்கினால் பத்துப் பேர் வாசிக்கலாம். ஒலிப்பதிவை இரவு சிக்னல் கிடைக்கும் நேரத்தில் எடுத்து வைக்கலாம். அப்படிச் செய்த விரிவுரையாளர்களும் இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திறந்த பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இதை வாசித்தால், அந்தக் காலத்துப் பாடப் புத்தகம் ஏதும் அலுமாரியில் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். டே ஸ்கூலுக்கு எந்த ஊரிலிருந்து எந்த பஸ்ஸில் போனீர்கள் என்பதையும் எழுதுங்கள்.