கிழக்குக் கரையும் கடலுள் மறைந்த வெள்ளியும்

இசுப்பானியப் பேரரசின் பொருட்கலங்கள் என்றவுடன் மெக்சிக்கோ வளைகுடாவும் கரீபியன் தீவுகளும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும், 1545ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட பொற்றோசி மலையிலும் மெக்சிக்கோ நாட்டுச் சுரங்கங்களிலும் அகழப்பட்ட வெள்ளி இசுப்பானியாவோடு நின்றுவிடவில்லை. அதன் ஒரு பகுதி ஆம்சுற்றடாம், இலண்டன் ஆகிய நகர வணிகர் கைகளுக்குச் சென்று, செங்கடல் வழியாகவும் நன்னம்பிக்கை முனை வழியாகவும் இந்தியாவின் சூரத்துத் துறையை அடைந்தது. இன்னொரு பகுதி 1565 முதல் 1815 வரை பசிபிக் கடலைக் கடந்த மணிலாக் கப்பல்களில் கீழ்த்திசைக்கு வந்தது. மிளகுக்கும் துணிக்கும் பட்டுக்கும் ஈடாக ஐரோப்பியர் தரக்கூடிய பொருள் வேறு அதிகம் இருக்கவில்லை. இந்தியாவிலோ வெள்ளிச் சுரங்கங்கள் மிக அரியன. ஆகவே, வந்த நாணயங்களிற் பெரும்பாலானவை சூரத்து அக்கசாலையில் உருக்கப்பட்டு மொகலாய உரூபாய்களாக மறுபிறப்பெடுத்தன. இசுப்பானிய எட்டு ரியால் நாணயத்தின் எடை ஏறத்தாழ 27 கிராம். உரூபாயின் எடை ஏறத்தாழ 11.5 கிராம். முன்னதில் இசுப்பானிய மன்னனின் சின்னம். பின்னதில் தில்லிச் சக்கரவர்த்தியின் பெயர். முத்திரை மாறினும் உலோகம் ஒன்றே.

இவ்வெள்ளி ஈழத்துத் தென்கீழ்க் கடலிலும் மூழ்கியது என்பதே ஈண்டு நோக்கத் தக்கது. கல்முனைக்குத் தெற்கே ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவில், யால வனத்துக்கு எதிரே கடலில் ஒரு கொடிய பாறைத்தொடர் உண்டு. தாழ்ந்த கடற்பாரைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபாக அது 'பெரிய பாசெஸ்' என ஆங்கிலேயராற் பெயர் பெற்றது. சிங்கள மக்கள் அதனை இராவணன் கோட்டையோடு சார்த்திக் கூறுவர். 1873ஆம் ஆண்டிலேயே அங்கு வெளிச்சவீடு ஏற்றப்பட்டது. அதற்கு முற்பட்ட மாலுமிகள் இருளில் நம்பியது தம் அனுபவத்தையும் இறைவனையுமே.

1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், மைக் வில்சன் என்னும் சுழியோடி இரு அமெரிக்கச் சிறுவருடன் இப்பாரை ஆராய்ந்தபொழுது, சிறிய வெண்கலப் பீரங்கியொன்றும் வெள்ளி நாணயங்களும் கண்ணிற்பட்டன. (கல்முனை முதலிய ஊர்கள் அப்பொழுது மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன, அம்பாறை தனி மாவட்டமானது அடுத்த மாதத்திலேதான்.) 1963ஆம் ஆண்டில் வில்சன், உறொட்னி ஜோங்கிளாஸ், ஆதர் சி. கிளார்க் ஆகியோருடன், துருக்கிக் கடலிற் பழங்கலமொன்றை ஆராய்ந்திருந்த பீற்றர் திறொக்மோற்றனும் சேர்ந்து அவ்விடத்தை மீண்டும் ஆராய்ந்தார். இவ்வரலாற்றைக் கிளார்க் 1964இல் நூலாக வெளியிட்டார். நாணயங்கள் ஆயிரமாயிரமாகப் பைகளில் இடப்பட்டிருந்தன. பை அழிந்தும், உள்ளிருந்தவை உப்புநீராற் பிணைந்து பையின் வடிவிலேயே கட்டியாய்க் கிடந்தன.

அக்கட்டிகள் கூறும் செய்தி பெரிது. நாணயங்கள் ஔரங்கசீப்பின் பெயரில் சூரத்தில் அடிக்கப்பட்டவை. அவற்றிற் காணும் ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1701-1702. அம்மன்னன் தன் ஆட்சித் தொடக்கத்திலேயே கலிமாவை நாணயங்களிலிருந்து நீக்கியவன். திருவாசகம் கண்டவர் கையிலெல்லாம் மாசுறலாகாது என்பது அவன் கருத்து. பல கைகள் மாறிய பழங்காசுகளாயின் பல ஆண்டுகளும் பல நகரங்களும் கலந்திருக்கும். இவையோ ஒரே ஊர், ஒரே ஆண்டு. அக்கசாலையிலிருந்து நேரே கப்பலேறிய பணம் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. சூரத்திலிருந்து வங்கத்துக்கோ கீழைத் தீவுகளுக்கோ கச்சான் காற்றோடு புறப்பட்ட கலம் தேவேந்திர முனையைச் சுற்றி வடகிழக்கே திரும்புகையில் இப்பாரில் மோதியிருக்கலாம் என்பது பொருந்தும் ஊகம். ஆனால், கப்பலின் பெயர் இன்றுவரை உறுதிப்படவில்லை. பணத்தின் ஊரும் ஆண்டும் தெரியும். அதனோடு மாண்டவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது.

பெயரைக் காணும் வழி கடலுள் மட்டும் இல்லை என்பதற்கு இசுப்பானியக் கலங்களின் ஆராய்ச்சியே சான்று. 1622ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதப் புயலிற் புளோரிடாவின் தென்பால் மூழ்கிய 'அற்றோச்சா'வில் இருந்த 265 பேரில் ஐவரே தப்பினர். மெல் பிஷர் என்பவர் அதனைப் பல ஆண்டுகள் பிழையான இடத்தில் தேடினார். 1785இல் நிறுவப்பட்ட செவில் நகர இந்தியப் பெருஞ்சுவடிக்கூடத்திலே அமர்ந்து, மையுங் கறையும் படிந்த பழைய எழுத்தைப் பொறுமையுடன் வாசித்த யூஜீன் லையன் என்னும் வரலாற்றறிஞர்தான், பழைய இடப்பெயர் குறித்தது வேறு தீவுகளை என்று தெளிவித்தார். 1985இற் கலம் அகப்பட்டபொழுது, வெள்ளிப் பாளங்களிற் பொறித்த எண்கள் ஏற்றுமதி ஏட்டின் எண்களோடு ஒத்தன. புதையலைக் கண்டது சுழியோடியின் கண். அதற்கு இடங்காட்டியது ஏடு. செய்தித்தாள்கள் முன்னதையே பெரிதாகப் பாராட்டின என்பது வேறு கதை.

ஈழத்திலும் இம்முறை கைகண்டதே. 1659இல் காலித் துறையில் மூழ்கிய 'அவொண்ட்ஸ்டர்' என்னும் ஒல்லாந்தக் கலம், கும்பனியின் ஆவணங்களைத் துணைக்கொண்டே அடையாளங் காணப்பட்டது. 2001 முதல் அதனை முறையாக அகழ்ந்தவர்கள் வெள்ளியைத் தேடவில்லை. கயிறு, மரம், தோற்பொருள், சட்டி பானை யாவற்றையும் இடங்குறித்து எடுத்தனர். 2004 திசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை காலியில் இருந்த அவர்களின் ஆய்வுநிலையத்தை அழித்து, மீட்ட பொருள்களிற் பலவற்றையும் மீண்டும் கடலுக்கே கொண்டுசென்றது. எழுதிவைத்த குறிப்பும் எடுத்துவைத்த படமும் இத்தகைய வேளையில் பொருளினும் மேலாகின்றன.

அதே அலை, அம்பாறைக் கரையில் இலங்கையின் எம்மாவட்டத்திலும் மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களின் வாழ்வு கடலோடு பிணைந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஒலியுல்லாவின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழும். முடிமழித்துக்கொண்டிருந்த அப்பெரியார், நடுக்கடலில் ஓட்டையாகித் தவித்த கப்பலொன்றின் துயரை உணர்ந்து, கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அவ்வோட்டையை அடைத்தார் என்பது மக்கள் வழக்கு. வரலாற்றாசிரியன் இதனை நிகழ்ச்சிச் சான்றாகக் கொள்ளான். எனினும் கலம் உடையும் அச்சம் இக்கரையோரின் உள்ளத்தில் எவ்வளவு ஆழப் பதிந்தது என்பதற்கு இது சான்றேயாகும்.

கப்பல் உடைந்த காலத்தில் இக்கரைகள் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தன. மட்டக்களப்புக் கோட்டையை அவர்கள் 1638இலேயே கைப்பற்றிவிட்டனர். காற்று, கப்பல், சரக்கு, அலைந்து வந்த மாலுமி எனக் கண்டதனைத்தையும் எழுதிவைக்கும் வழக்கம் அவர்களுடையது. கொழும்பிலும் ஏகிலும் உள்ள அவ்வேடுகள் 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. 1701, 1702, 1703ஆம் ஆண்டுகளுக்குரிய காலி, மட்டக்களப்புக் கடிதங்களை ஒல்லாந்த மொழி வல்லார் ஒருவர், சூரத்து வணிகரின் கப்பற் பெயர்களை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தல் வேண்டும். பாரில் எஞ்சிய நாணயங்கள் இடங்குறிக்கப்படாமல் ஒவ்வொன்றாகப் பெயர்த்து விற்கப்படுமாயின், ஏட்டில் அக்கப்பலின் பெயர் கிடைத்தாலும் அதனோடு ஒப்புநோக்கக் கடலில் ஒன்றும் இராது.