பால் பல் சீக்கிரமே போயிடுச்சா? துண்டு போட்டு இடம் பிடிச்சு வைங்க!

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் சாயங்கால நேரம் ராஜபாளையம் பஸ் உள்ளே நுழையும்போது கவனிச்சிருக்கீங்களா? பஸ் நிற்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா ஒரு துண்டு போய் சீட்டில் விழும். இன்னொரு ஜன்னல் வழியா பை. வேற யாராவது உட்காரப் போனா, `ஆள் வருதுங்க' என்று வெளியிலிருந்து குரல் வரும். அந்தத் துண்டு எங்கேயும் பயணம் போகப்போறதில்லை. ஆள் வர்ற வரைக்கும் இடத்தை விட்டுக்கொடுக்காம கிடக்கணும், அவ்வளவுதான் அதோட வேலை.

குழந்தைகளின் வாய்க்குள்ளேயும் இப்படி ஒரு துண்டு போடும் வேலை இருக்கு. பல் மருத்துவத்தில் அதுக்குப் பெயர் `ஸ்பேஸ் மெயின்டெய்னர்'. அதாவது, இடம் காக்கும் கருவி. பால் பல் உரிய காலத்துக்கு முன்னாடியே போயிட்டா, அடியில் வளர்ந்துகிட்டிருக்கும் நிரந்தரப் பல் மேலே வர்ற வரைக்கும் அந்த இடத்தைப் பக்கத்துப் பற்கள் பிடிச்சிடாம இது பார்த்துக்கும்.

`பால் பல்தானே... விழத்தானே போகுது!'

நான் வளர்ந்தது ராஜபாளையத்தில். ஆறு வயசில் மேல் கடைவாயில் ஒரு பால் பல் சொத்தையாகி, ராத்திரியெல்லாம் வலியில் அழுதிருக்கேன். ஒரு கிளினிக்கில் கொண்டுபோய்ப் பிடுங்கிட்டாங்க. வலி போச்சு, வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. பல்லைச் சாணியில் வெச்சு ஓட்டுமேல எறிஞ்சோம். பின்னாடி இருக்கும் பல் முன்னாடி நகர்ந்து வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லலை. நாங்களும் கேட்கலை.

பன்னிரண்டு வயசில் எனக்கு ஒரு தெத்துப்பல் முளைச்சது. `அழகாத்தான் இருக்கு' என்று சொந்தக்காரங்க சொன்னாங்க. ஆனா, அந்த இடத்தில் பிரஷ் சரியா நுழையாது. ஈறு அடிக்கடி வீங்கும். போட்டோ எடுத்தா வாயை மூடிக்குவேன். இருபத்தாறு வயசில் பல் கம்பி போடப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, `சின்ன வயசுல கடைவாய்ப் பால் பல்லைச் சீக்கிரமா எடுத்தீங்களா?' என்பதுதான். இடம் உண்டாக்க, ஒரு குறையும் இல்லாத ரெண்டு நிரந்தரப் பற்களைப் பிடுங்க வேண்டியிருந்தது. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கம்பி.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எங்க அக்கா போன் பண்ணினா. `பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லு சொத்தை, எடுக்கணும்கிறாங்க. பால் பல்லுதானே, எடுத்துடவா?' ஏழு வயசுப் பிள்ளை. இந்தத் தடவை என்ன கேட்கணும் என்று எனக்குத் தெரிஞ்சிருந்தது. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கட்டும் என்பதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

வாய்க்குள்ளே என்ன நடக்குது?

குழந்தைக்கு மொத்தம் 20 பால் பற்கள். ஏறத்தாழ 6 வயசில் ரெண்டு விஷயம் ஒரே சமயத்தில் நடக்கும். ஒன்று, கீழ் முன்பற்கள் ஆட ஆரம்பிக்கும். இன்னொன்று, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழாமலேயே இது முளைக்கிறதால, நிறைய பெற்றோர் இதையும் பால் பல் என்றே நினைச்சுடுறாங்க. இல்லை. ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல் அது.

இந்தப் பல்லுக்கு முன்பக்கமாக நகரும் இயல்பு உண்டு. அதுக்கு முன்னாடி நிற்கும் ரெண்டாவது பால் கடைவாய்ப் பல்தான் அதைத் தடுத்து நிறுத்துது. அந்தப் பால் பல் இயல்பா விழவேண்டியது 10 முதல் 12 வயசுக்குள். அதை 6, 7 வயசிலேயே எடுத்துட்டா, தடுப்புச் சுவர் நாலைந்து வருஷம் முன்னாடியே இடிஞ்ச மாதிரி. பின்பல் முன்னாடி சாயும், இடம் சுருங்கும். அங்கே முளைக்கவேண்டிய பல் எலும்புக்குள்ளேயே மாட்டிக்கலாம், இல்லைன்னா கோணலா எட்டிப் பார்க்கலாம். மேல் தாடையில் 11, 12 வயசுவாக்கில் கடைசி ஆளா வந்துசேரும் கோரைப்பல்லுக்கு இடமே மிஞ்சாம, அது மேலே துருத்திக்கிட்டு நிற்கும். அதுதான் தெத்துப்பல்.

இதில் நேரம் முக்கியம். பல் எடுத்த முதல் 6 மாதங்களில்தான் இடம் அதிகமாகச் சுருங்குது. `லீவு விடட்டும், பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டா, அதுக்குள்ளே பக்கத்து ஆள் சீட்டில் உட்கார்ந்துடுவார்.

எல்லா பால் பல்லுக்கும் தேவையா?

தேவையில்லை. எந்தப் பல், எந்த வயசு என்பதைப் பொறுத்தது.

* முன்பற்கள்: விழுந்து அடிபட்டோ, சொத்தையாலோ மேல் முன்பல் போனா, பொதுவா இடம் பெரிசா சுருங்காது. அதனால இடம் காக்கவென்று கருவி தேவைப்படாது. ரொம்பச் சின்ன வயசு, உச்சரிப்பு, பார்க்க நல்லா இருக்கணும் என்ற காரணங்களுக்காகச் செயற்கைப் பல் வைக்கிறதுண்டு.
* முதல் பால் கடைவாய்ப் பல்: குழந்தையின் வயசையும் கடி அமைப்பையும் பார்த்து முடிவு செய்வாங்க. நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் நல்லாப் பொருந்தி உட்கார்ந்திருந்தா, சில சமயம் வெறுமனே கண்காணிச்சாலே போதும்.
* ரெண்டாவது பால் கடைவாய்ப் பல்: இது சீக்கிரம் போறதுதான் அதிக ஆபத்து. பெரும்பாலும் ஸ்பேஸ் மெயின்டெய்னர் தேவைப்படும்.

முடிவு எடுக்க எக்ஸ்ரே அவசியம். அடியில் நிரந்தரப் பல் இருக்கா, அதோட வேர் எவ்வளவு வளர்ந்திருக்கு, மேலே எவ்வளவு எலும்பு மூடியிருக்கு என்று அதில்தான் தெரியும். சில குழந்தைகளுக்கு அடியில் நிரந்தரப் பல்லே உருவாகியிருக்காது. அப்போ திட்டமே வேற. பல் இன்னும் சில மாதங்களில் வெளியே வந்துடும் என்றால் கருவியே வேண்டாம். ஏற்கெனவே இடம் சுருங்கிப்போச்சு என்றால், இடத்தைக் காக்கும் கருவியால் பயன் இல்லை. இடத்தை மீட்கும் வேற சிகிச்சை வேணும்.

எத்தனை வகை?

பேண்ட் அண்ட் லூப்: ஒரு பக்கத்தில் ஒரு பல் போயிருந்தா பெரும்பாலும் இதுதான். பின்பல்லைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை. அதிலிருந்து ஒரு கம்பி வளைவு கிளம்பி முன்பல்லைத் தொட்டு நிற்கும். நடுவில் இருக்கும் இடம் காலியாவே இருக்கும். அந்த வழியாத்தான் புதுப் பல் வரணும்.

லிங்குவல் ஆர்ச்: கீழ் தாடையில் ரெண்டு பக்கமும் பற்கள் போயிருந்தா, நாக்குப் பக்கமாக ஓடும் ஒரே வளைவான கம்பி. கீழ் நிரந்தர முன்பற்கள் முளைச்ச பிறகுதான் இதைப் போடுவாங்க.

நான்ஸ் ஆர்ச்: இது மேல் தாடைக்கு. அண்ணத்தில் பட்டன் மாதிரி ஒரு சின்ன அக்ரிலிக் துண்டு ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்கும்.

டிஸ்டல் ஷூ: முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் வெளியே வர்றதுக்கு முன்னாடியே ரெண்டாவது பால் கடைவாய்ப் பல் போயிட்டா இது. கருவியின் ஒரு முனை ஈறுக்குள்ளே இறங்கி, வரப்போகும் பல்லுக்கு வழிகாட்டும். குழந்தைக்கு இதயக் கோளாறோ, நோய் எதிர்ப்பு சக்திக் குறைபாடோ இருந்தா இது ஏற்றதில்லை. அதனால டாக்டரிடம் எதையும் மறைக்காம சொல்லுங்க.

கழற்றி மாட்டும் வகை: பல பற்கள் போயிருந்தா, செயற்கைப் பல் வெச்ச சின்ன செட். குழந்தை அதை ஒழுங்கா மாட்டிக்கணும், தொலைக்காம இருக்கணும். அங்கேதான் சிக்கல்!

வலிக்குமா?

அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான். பேண்ட் அண்ட் லூப்புக்குப் பொதுவா ஊசியோ, பல்லை ராவுறதோ கிடையாது. முதல் தடவை போகும்போது பல்லுக்குப் பொருந்தும் பட்டையைத் தேர்ந்தெடுத்து அளவு எடுப்பாங்க. அது லேபுக்குப் போய்த் தயாராகி வரும். அடுத்த தடவை சிமென்ட் வெச்சு ஒட்டிடுவாங்க. ரெண்டு, மூணு நாள் `வாயில என்னவோ இருக்கு' என்று நாக்கால் துழாவிக்கிட்டே இருப்பாங்க. அப்புறம் மறந்துடுவாங்க. எங்க பாப்பா அதுக்கு `கம்பி மோதிரம்' என்று பெயர் வெச்சு, கிளாஸில் எல்லாருக்கும் வாயைத் திறந்து காட்டிக்கிட்டிருந்தா.

இன்னொரு சந்தேகமும் வரும். இது பல் கம்பியா? இல்லை. பல்லைத் தள்ளுறதோ, இழுக்கிறதோ இதோட வேலை இல்லை. இருக்கிற இடத்தை அப்படியே வெச்சிருக்கும், அவ்வளவுதான். இதைப் போட்டா எதிர்காலத்தில் பல் கம்பியே தேவைப்படாது என்ற உத்தரவாதமும் கிடையாது. ஆனா, பிரச்னையின் அளவு குறையும்.

பால்கோவா, கடலைமிட்டாய்... என்ன செய்ய?

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா ஊருக்குள்ளேயே இருக்கு. 2020-ல் அதே குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாயும் ரொம்ப தூரத்தில் இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் `இனிப்பே சாப்பிடாதே' என்று சொல்றது நடக்கிற காரியமா?

கருவி போட்டிருக்கும் வரை கடலைமிட்டாய், எள்ளுருண்டை, டாஃபி, சூயிங்கம், ஐஸ்கட்டி கடிக்கிறது எல்லாத்துக்கும் தடா. கடிக்கும்போது கம்பி வளையும், ஒட்டிக்கிட்டு இழுத்தா பட்டை கழன்றுவரும். பால்கோவா கம்பியை உடைக்காது. ஆனா, சர்க்கரை பட்டையின் ஓரத்தில் தங்கிடும். அதனால சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையா கொடுங்க, உடனே வாய் கொப்புளிக்க வைங்க. நாள் முழுக்க ஒவ்வொரு ஸ்பூனா கொடுக்கிறதுதான் பல்லுக்கு எதிரி.

காலையும் ராத்திரியும் ஃபுளோரைடு பேஸ்ட்டால் பல் தேய்க்கணும். 3 வயசுக்குக் கீழே அரிசி அளவு, 3 முதல் 6 வயசு வரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பட்டையைச் சுற்றி நீங்களே தேய்ச்சுவிடுங்க.

3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை செக்கப் கட்டாயம். போட்டுட்டு மறந்துடுறதுதான் இதில் பெரிய தப்பு. சிமென்ட் கரைஞ்சா, பட்டைக்கு அடியில் இருக்கும் நல்ல பல்லே சொத்தையாகும். புதுப் பல் எட்டிப் பார்க்க ஆரம்பிச்சதும் கருவியை எடுத்தாகணும். இல்லைன்னா அதுவே வழியை மறிக்கும்.

கழன்று கையில் வந்துட்டா, ஒரு டப்பாவில் போட்டு சீக்கிரமா டாக்டரிடம் போங்க. வீட்டில் இருக்கும் பசையால் ஒட்டிப் பார்க்காதீங்க. விழுங்கிட்டதா சந்தேகம் இருந்தா டாக்டருக்குத் தெரியப்படுத்துங்க. இருமலோ, மூச்சுத்திணறலோ இருந்தா தாமதிக்காம 108-க்கு போன் பண்ணுங்க.

பிடுங்குறதுக்கு முன்னாடி கேட்கவேண்டிய 5 கேள்விகள்

1. இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? பால் பல்லுக்கும் வேர் சிகிச்சையும் ஸ்டீல் கேப்பும் உண்டு.
2. இது இயல்பா எந்த வயசில் விழவேண்டிய பல்?
3. எக்ஸ்ரேயில் அடியில் நிரந்தரப் பல் தெரியுதா?
4. எடுத்தா இடம் காக்கும் கருவி தேவையா? தேவைன்னா எந்த வகை, எப்போ போடணும்?
5. எக்ஸ்ரே, கருவி, தொடர் செக்கப் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்?

முதல் கேள்விதான் முக்கியமானது. ஏன்னா, உலகத்திலேயே சிறந்த ஸ்பேஸ் மெயின்டெய்னர் அந்தப் பால் பல்தான். எந்தக் கம்பியும் அதுக்கு ஈடில்லை. இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2002-03-ல் நடத்திய தேசிய ஆய்வில், 5 வயசுக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. அப்போ இது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்னை இல்லை.

செலவை நினைச்சுத் தயங்குறவங்க முதலில் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்க. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், 18 வயசு வரையிலான பிள்ளைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பரிசோதிக்க மருத்துவக் குழு வரும். அந்தப் பட்டியலில் பல் பிரச்னையும் இருக்கு. பள்ளிக்கு அவங்க வர்ற நாளைக் கேட்டு வெச்சுக்கோங்க. கருவி மாதிரியான சிகிச்சைக்குப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினா, மதுரை வரைக்கும் ஒரு பயணம். பின்னாடி ரெண்டு வருஷம் கம்பி போட்டுக்கிட்டு அலையுறதோட ஒப்பிட்டா, இது சின்ன அலைச்சல்தான்.

எங்க பாப்பாவோட பல்லைக் காப்பாற்ற முடியலை, சொத்தை வேர் வரைக்கும் இறங்கியிருந்தது. ஆனா, எடுத்த ரெண்டாவது வாரமே `கம்பி மோதிரம்' போட்டாச்சு. மூணு மாசத்துக்கு ஒருமுறை அக்கா அவளைக் கூட்டிட்டுப் போறா. எக்ஸ்ரேயில் அந்தப் புதுப் பல் எலும்புக்குள்ளே சின்னதா, மொட்டு மாதிரி தெரியுது. அது வெளியே வர இன்னும் மூணு, நாலு வருஷம் ஆகும்.

ஆகட்டும். துண்டு போட்டாச்சு... ஆள் வருது!