யாருக்காக யார் பேசுவது?

தொழிற்சங்க வரலாறு என்றவுடன் வேலைநிறுத்தங்களே நம் நினைவில் எழுகின்றன. கொடிகளும் ஊர்வலங்களும் சிறைவாசங்களும் ஏடுகளில் இடம் பெறுகின்றன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு கேள்வி நிற்கிறது. ஒரு சங்கத்தின் பிரதிநிதிகள் நிர்வாகத்தின் எதிரே அமர்ந்து பேசுகின்றார்களே, அவர்கள் யார் யாருக்காகப் பேசுகின்றார்கள்? அந்தக் கூட்டத்தின் எல்லை எது? உள்ளே நிற்பவர் யார், வெளியே விடப்பட்டவர் யார்? பதிவேட்டில் பெயர் சேர்ப்பது போன்ற வெறும் கணக்கு வேலையாகத் தோன்றுவதால் இதனைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. பதிவேடுகளிடையே காலம் கழிக்கும் இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இது அவ்வளவு சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. நம் சங்கத்து அன்பர்களுள் இரயில்வேயிலும், கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும், பிம்ப்ரி சிஞ்ச்வட் ஆலைகளிலும் உழைப்போர் பலர். அவர்கள் ஒவ்வொருவரையும் இக்கேள்வி தொடுகிறது.

இரயில்வேயிலிருந்தே தொடங்குவோம். 1897ஆம் ஆண்டில் இந்தியா, பர்மா இரயில்வே ஊழியர்களின் ஐக்கியச் சங்கம் என்று ஒன்று தோன்றியது. பெயர் பெரியது, உள்ளே இருந்தவர்களோ பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே. தண்டவாளத்தைத் தோளில் சுமந்தவனுக்கும் கரி அள்ளியவனுக்கும் அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் இடம் இருக்கவில்லை. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1899 மே மாதத்தில், ஜி.ஐ.பி. இரயில்வேயின் சிக்னலர்கள், அதாவது தந்திப் பணியாளர்கள், வேலைநிறுத்தம் செய்தனர். இந்த நகரிலிருந்து வெளிவந்த திலகரின் 'கேசரி', 'மராட்டா' ஆகிய இரு பத்திரிகைகளும் அவர்களுக்காக மாதக்கணக்கில் எழுதின. பெரோஸ்ஷா மேத்தா, வாச்சா போன்றோர் நிதி திரட்டத் துணை நின்றனர். நாட்டின் அனுதாபம் அவர்களுக்குக் கிடைத்தது. ஆயினும் அது சிக்னலர்களின் கிளர்ச்சி. ஒரு பிரிவினரின் கிளர்ச்சி.

நம் தமிழ் மண்ணில் இதே வினா வேறொரு வடிவில் எழுந்தது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. செல்வபதிச் செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயன்று பி.பி. வாடியாவைத் தலைமைக்கு அழைத்தனர். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரே அதன் உயிர்நாடி. 1921ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். அதிலிருந்து புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. வேலைக்குத் திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று தூற்றுவது எளிது. சங்கத்தின் உறுப்பினர் ஏட்டில் அவர்கள் பெயர் இருந்திருக்கலாம். சங்கத்துத் தோழர் வாழ்ந்த தெருவில் அவர்களுக்கு வீடு கிடைத்ததா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். காகிதத்தில் ஒரே தொகுதியாயிருந்த கூட்டம் பசியில் சாதியின்படி இரண்டாகப் பிளந்தது. சென்னை நெசவாலை வரலாற்றிலே எனக்கு மிகவும் துயரம் தரும் பகுதி இதுவே.

1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வேயில் நிகழ்ந்ததையும் இங்கே நினைக்கவேண்டும். நாகப்பட்டினம் முதலிய இடங்களிலிருந்த பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்த்து ஆட்குறைப்புச் செய்யக் கம்பெனி முனைந்தது. அடி விழுந்தது பட்டறைத் தொழிலாளர் மீது. நிலையங்களிலும் பாதையிலும் பணியாற்றியவர்களுக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆயினும் வேலைநிறுத்தம் பட்டறையோடு நில்லாமல் பாதை முழுவதும் பரவியது. சில நாட்களுக்குள் அடக்கப்பட்டும் விட்டது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைத்தண்டனை பெற்றனர். தோற்ற போராட்டந்தான், ஆனால் பட்டறைக்காரனும் பாதைக்காரனும் ஒரே கூட்டம் என்று சட்டம் சொல்லாதபோதே அவர்கள் தாமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

சட்டம் என்ன சொல்லிற்று? 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் எழுவர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. நிர்வாகம் யாரோடு பேசவேண்டும் என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. 1947இல் கட்டாய அங்கீகாரத்துக்காக ஒரு திருத்தம் நிறைவேறியது. அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. ஆகவே இந்தியாவின் பெரும்பகுதியில் 'யாருக்காக' என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது.

பம்பாய் மாகாணம் ஒரு விதிவிலக்கு. 1938இல் ஒரு சட்டமும் 1946இல் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டமும் இங்கே தோன்றின. முதற் சட்டத்தை எதிர்த்து 1938 நவம்பர் 7ஆம் நாள் அம்பேத்கரின் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினர். இரண்டாம் சட்டத்தின் எல்லைக்கோடு வியப்புக்குரியது. ஓர் ஆலையை அது தொகுதியாகக் கொள்ளவில்லை. ஒரு வட்டாரத்தில் உள்ள தொழில் முழுவதையுமே ஒரு தொகுதியாகக் கொண்டது. பம்பாய் நகரின் பருத்தி ஆலைகள் அனைத்தும் சேர்ந்து ஒன்று. அந்தத் தொகுதியில் நூற்றுக்கு 25 பேரை உறுப்பினராகக் கொண்ட சங்கம் பிரதிநிதிச் சங்கம் ஆகலாம்; ஆனபின் அனைவருக்காகவும் அதுவே பேசும்.

இவ்வாறு கோட்டை அகலமாக இழுத்ததில் நன்மை இல்லாமலில்லை. 1947இல் பம்பாய் நெசவாலைகளில் சம்பளம் ஒழுங்குபடுத்தப்பட்டபோது, குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 30 ரூபாய் என வகுக்கப்பட்டது. பெரிய ஆலையிலும் சிறிய ஆலையிலும் ஒரே வேலைக்கு ஒரே அளவு. ஆலைக்கு ஆலை தனித்தனியே பேரம் பேசியிருந்தால் நலிந்த ஆலைத் தொழிலாளிக்கு இது கிட்டியிருக்குமா என்பது ஐயமே.

தீமையோ 1981இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் போனஸ் தொடர்பாக ஸ்டாண்டர்டு மில் தொழிலாளர் மனங்கசந்து டாக்டர் தத்தா சாமந்தைத் தேடிச் சென்றனர். பிற ஆலையினரும் திரண்டனர். 1982 ஜனவரி 18ஆம் நாள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினர். சட்டத்தின் கண்ணுக்கோ பிரதிநிதிச் சங்கம் ராஷ்ட்ரீய மில் மஸ்தூர் சங்கம் ஒன்றே. ஓர் ஆலை முழுவதும் சாமந்தின் பக்கம் நின்றாலும் அந்த ஆலை தனித் தொகுதி அன்று. ஆதலால் அந்த ஆலையின் குரலுக்குச் சட்டத்தில் காது இல்லை. முதலாளிகள் சாமந்தோடு பேசக் கடமைப்படவில்லை. அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. ஆலைகள்தாம் ஒவ்வொன்றாய் முடிந்துபோயின. தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. பழைய எந்திரங்கள், விசைத்தறியின் போட்டி, நிலத்தின் விலை என்று அறிஞர் அடுக்குவர். ஆனாலும் 1946இல் ஒரு மேசைமேல் இழுக்கப்பட்ட கோடு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து இலட்சக்கணக்கான குடும்பங்களின் வாயிலை அடைத்ததில் அதற்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

மகாராஷ்டிர அரசு 1971இல் இயற்றிய மற்றொரு சட்டம் எல்லையைச் சுருக்கியது. அதன்படி தொகுதி என்பது ஒரு நிறுவனம். ஆறு மாதங்கள் தொடர்ந்து நூற்றுக்கு 30 பேரை உறுப்பினராகக் கொண்ட சங்கம் அங்கீகாரம் கோரலாம். 1975இல் இது நடைமுறைக்கு வந்தது. புனேயைச் சுற்றி வளர்ந்த எந்திரத் தொழிற்சாலைகளின் சங்கங்கள் இந்த ஏற்பாட்டில் வளர்ந்தவையே.

இரயில்வேக்குத் திரும்புவோம். 1952 முதல் இங்கே நிரந்தரப் பேச்சுவார்த்தை ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கீகாரம் பெற்ற சங்கமே அதில் அமரும். இஞ்சின் டிரைவர், ஸ்டேஷன் மாஸ்டர், கேங்மேன், குமாஸ்தா அனைவரும் ஒரே கூட்டம். பிரிவுவாரிச் சங்கங்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. இதில் மனநிறைவு கொள்ளாத இஞ்சின் ஓட்டுநர்கள் தனியே அமைப்புக் கண்டு, 1973இல் வேலைநிறுத்தம் செய்து, பணிநேரம் 10 மணிக்கு மேற்படாது என்ற உறுதியைப் பெற்றனர். அங்கீகாரம் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் பேசியும் பெறாததை அங்கீகாரம் இல்லாதோர் பெற்றுவிட்டனர்.

அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே 1926ஆம் ஆண்டு இரயில்வே தொழிலாளர் சட்டம் தொழிற்பிரிவு ஒவ்வொன்றையும் தனித் தொகுதியாகவே கொள்கிறது. ஓட்டுநருக்கு ஒரு சங்கம், குமாஸ்தாவுக்கு ஒரு சங்கம். மற்றத் தொழில்களில், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொழிற்பிரிவா, ஆலையா, முதலாளியின் நிறுவனம் முழுவதுமா என்பதைத் தேசியத் தொழிலுறவு வாரியம் வழக்குக்கு வழக்கு ஆராய்ந்து முடிவு செய்கிறது. 1937இல் அவ்வாரியம் ஒரு நல்ல வழியைக் கண்டது: ஐயம் எழும் இடத்தில் அந்தக் கைவினைஞரையே வாக்களிக்கச் செய்து, அவர்கள் தனியே நிற்க விரும்புகிறார்களா, கூட்டத்தோடு சேர விரும்புகிறார்களா என்று கேட்டுக்கொள்வது. கோடு யாரைச் சுற்றி இழுக்கப்படுகிறதோ அவரையே கேட்பது எவ்வளவு நேர்மையான முறை! அதே வேளையில், இஞ்சினை நிறுத்த வல்லவன் தனியே பேரம் பேசிக்கொண்டால், எதையும் நிறுத்த இயலாத கேங்மேனின் கதி என்ன என்ற அச்சமும் எனக்கு உண்டு. வெயிலில் பாதையைக் காக்கும் அவனுக்குக் கூட்டத்தைத் தவிர வேறு பலம் ஏது?

1974 மே 8 முதல் 27 வரை நடந்த பெரும் வேலைநிறுத்தம் இந்தப் பிரிவுகளையெல்லாம் ஓர் ஒருங்கிணைப்புக் குழுவின் கீழ்க் கூட்டிப் பார்த்த முயற்சியே. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை தாங்கினார். போனஸும் பஞ்சப்படியும் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. கேஷுவல் தொழிலாளர் அனைவரையும் நிரந்தரமாக்குக என்ற கோரிக்கையும் அப்பட்டியலில் இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் பாலமும் பாதையும் அமைத்தும் 'தற்காலிகம்' என்ற ஒரு சொல்லால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். 1985இல் இந்தர் பால் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே, திட்டப் பணிகளில் இருந்தவர்களைப் படிப்படியாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு உருவாயிற்று.

காண்டீன் ஊழியரின் கதை இன்னும் நுட்பமானது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காண்டீன் அமைக்க உத்தரவிட 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்தது. காண்டீன் வந்தது; அங்கே தேநீர் ஆற்றுபவன் யாருடைய ஆள்? 1990இல் எம்.எம்.ஆர். கான் வழக்கில், இரயில்வேயின் சட்டபூர்வமான காண்டீன்களிலும் அங்கீகாரம் பெற்ற ஏனைய காண்டீன்களிலும் பணிபுரிவோர் இரயில்வே ஊழியரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கீகாரம் பெறாத காண்டீன்களில் இருந்தோருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அதே தேநீர், அதே கோப்பை. இடையே ஒரு கடிதம்.

2001இல் நம் புனேயிலிருந்தே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கல்யாணி ஸ்டீல்ஸ் ஆலையின் காண்டீனில் காண்டிராக்டர் மூலம் வேலை செய்தவர்களுக்காக விவித் காம்கார் சபா வாதாடியது. அவர்கள் கம்பெனியின் ஊழியரே என்பது சபாவின் வாதம். கம்பெனி அதனை மறுத்தது. உறவே மறுக்கப்படும்போது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முறையீடு செல்லாது. முதலில் உரிய மன்றத்தில் அந்த உறவை நிலைநாட்டிக்கொண்டு வருக என்பது தீர்ப்பு. சட்ட நுணுக்கத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உள்ளே நுழைவதற்கான வழக்கைக் கதவுக்கு வெளியே நின்றே நடத்தவேண்டும் என்பதே அதன் பயன்.

மேல் எல்லையிலும் இத்தகைய கோடு உண்டு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் உடலுழைப்பாளியோடு 'எழுத்து வேலை' செய்பவனையும் தொழிலாளி என்றது. என் போன்றோர் அந்த இரண்டு சொற்களால் உள்ளே வந்தவர்கள். 1956இல் மேற்பார்வையாளரும் சேர்க்கப்பட்டனர், மாதம் 500 ரூபாய்க்கு மேற்படாவிட்டால். அந்த வரம்பு பின்னர் 1,600 ஆயிற்று. 2010இல் 10,000 ஆயிற்று. சம்பளம் ஏறுகையில் வரம்பு ஏறாமல் கிடந்த ஆண்டுகளில், பதவி உயர்வு பெறாமலே 'தொழிலாளி' என்ற பெயரை இழந்தவர் எத்தனை பேர்!

2007 முதல் இரயில்வேயில் இரகசிய வாக்கெடுப்பின் மூலம் அங்கீகாரம் தீர்மானிக்கப்படுகிறது. அண்மையில் 2024 டிசம்பரில் அது நடந்தது. ஒவ்வொரு மண்டலமும் ஒரு தொகுதி. வாக்குச்சாவடியில் குமாஸ்தாவும் கேங்மேனும் ஒரே வரிசையில் நிற்பது கண்ணுக்கு இனிய காட்சியே. பெட்டிகளைத் துடைக்கும் காண்டிராக்ட் ஆட்களின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. உரிமம் பெற்ற போர்ட்டர்களும் இல்லை. 2008 இரயில்வே பட்ஜெட் அவர்களைக் கேங்மேன் முதலிய பணிகளில் அமர்த்த முன்வந்தபோது, உள்ளே வந்தவர்கள் வந்தார்கள். மற்றவர்கள் சிவப்புச் சட்டையோடு பிளாட்பாரத்திலேயே நின்றார்கள்.

2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. மேற்பார்வையாளருக்கான வரம்பு இப்போது 18,000 ரூபாய். நாடு முழுவதற்கும் பேரம் பேசும் சங்கத்தைப் பற்றி முதன்முறையாக அதில் விதி உண்டு. பல சங்கங்கள் இருக்கும் நிறுவனத்தில், மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளருள் நூற்றுக்கு 51 பேரின் ஆதரவு பெற்ற சங்கம் தனியே பேசும். அத்தகைய சங்கம் இல்லையெனில், நூற்றுக்கு 20 பேருக்குக் குறையாத ஆதரவு பெற்ற சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட குழு பேசும். எண்ணிக்கை தொடங்கும் இடம் மஸ்டர் ரோல். காண்டிராக்ட் தொழிலாளியின் பெயர் எழுதப்படுவதோ காண்டிராக்டரின் மஸ்டரில்.