ஏரியைக் காத்தது யார்? ஊரைக் காத்தது யார்?



போன வாரம் மதுராந்தகம் போய் வந்தேன். ஏரி காத்த ராமர் கோயிலில் நின்றபோது, ஏழாம் வகுப்பில் உங்களுக்குச் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் மழையில் கரை உடையும். கும்பினியின் ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை அதைச் செப்பனிட்டார். அடைமழை இரவில் கரை என்ன ஆயிற்றோ என்று பார்க்கப் போனவருக்கு, வில்லும் அம்புமாக இரண்டு வாலிபர்கள் கரையில் காவல் நிற்பது தெரிந்ததாம். கரை தப்பியது. சொன்ன வாக்குப்படி தாயார் சன்னிதியைத் துரை கட்டிக் கொடுத்தார் என்பார்கள். அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது.

அப்போது ஒரு மாணவி எழுந்து, "சார், மற்ற நாளில் ஏரிக்கு யார் சார் காவல்?" என்று கேட்டாள். பாடம் முடிக்கிற அவசரத்தில் "உட்காரும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேள்விக்கு இன்று பதில் எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

செங்கல்பட்டுச் சீமை ஏரிப்பாசனச் சீமை. காவிரி மாதிரி வற்றாத ஆறு நமக்குக் கிடையாது. மழைநீரைக் கரை கட்டித் தேக்கினால்தான் நெல். அதனால் காவல் என்றாலே முதலில் கரைக்காவல், மதகுக்காவல்தான். அதைப் பார்த்தவர்களுக்கு நீர்க்கட்டி, கம்புக்கட்டி என்று பெயர். பயிரையும் களத்தையும் ஊரையும் தலையாரி பார்த்துக்கொண்டார். வெட்டியானுக்கு எல்லையெல்லாம் அத்துப்படி. இரண்டு ஊருக்கு நடுவே எல்லைத் தகராறு வந்தால், சேரியிலிருந்து வந்த அந்த மனிதர் நடந்து காட்டுகிற இடம்தான் எல்லை. இவர்கள் யாருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அறுவடை முடிந்து நெல்லை அளக்கும்போது, பங்கு பிரிப்பதற்கு முன்னால் பொதுக் குவியலிலிருந்து இவர்களுக்கு அளந்து கொடுப்பார்கள்.

இது வாய்வழிச் செய்தி மட்டும் அல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கும்பினி இன்ஜினியர் இந்த ஜாகீரில் ஏறக்குறைய 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊருக்கு எத்தனை வீடு, எவ்வளவு நிலம், எத்தனை ஏரி, தலையாரிக்கும் கணக்கனுக்கும் தச்சனுக்கும் வண்ணானுக்கும் எவ்வளவு நெல் என்று ஊர் ஊராக எழுதி வைத்தார்கள்.

கணக்கு முடிந்த ஆறே ஆண்டில் 1780 வந்தது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு படையிடம் கும்பினிப் படை தோற்றது. அந்தப் போரில் இந்தச் சீமையின் ஊர்கள் பாழாயின. ஜனங்கள் ஓடினார்கள், மாடுகள் போயின, ஏரிகள் பார்ப்பாரில்லாமல் தூர்ந்தன. வெறும் தடி வைத்திருக்கிற தலையாரியால் குதிரைப்படையைத் தடுக்க முடியுமா? பிளேஸ் துரை 1794இல் கலெக்டராக வந்தபோது, உடைந்த கரைகளைக் கட்டுவதும் ஓடிப்போனவர்களைத் திரும்ப அழைத்துக் குடியேற்றுவதும்தான் பெரிய வேலையாக இருந்தது.

பிறகு காவல் சர்க்கார் கைக்குப் போயிற்று. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ரெகுலேஷன் ஊர்த் தலைவரையும் தலையாரியையும் போலீஸ் ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1859இல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது.

இது வரைக்கும் காவல் கதை. சொத்துக் கதை வேறு.

நம் சீமையில் நிலம் காணியாட்சிக்காரர்களுடையது. பின்னால் மிராசு என்றார்கள். ஊர் நிலத்தில் பங்கு, ஏரி நீரில் பங்கு, தரிசிலும் முன்னுரிமை. வெளியாள் ஒருவர் தரிசு கேட்டுத் தர்காஸ்து போட்டால், மிராசுதார் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அவருக்குக் கிடைக்கும். மிராசுதார் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்? சொந்தமாக நாலு மரக்கால் நெல் விளைந்தால், மறுநாள் கூலிக்கு ஆள் வருமா?

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. சேரியில் குடிசை நிற்கிற மண்ணும் தங்களுடையது என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள்.

இனி நம் வீட்டுக் கதை. உறவுகளில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது எட்டு அல்லது ஒன்பது வயது. சம்பா அறுவடை. களத்தில் கூலி நெல் அளக்கும்போது, மரக்கால் தலை தட்டுவதில் தகராறு. எங்களிடம் படியாளாக இருந்த பெரியவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். தாத்தா குரலை உயர்த்தக்கூட இல்லை. "நாளைக்கே மனையைக் காலி பண்ணு" என்றார். அதோடு பேச்சு நின்றது. பெரியவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மூட்டையைத் தூக்கப் போனார்.

அன்று ராத்திரி களத்தில் எங்கள் நெல்லுக்குக் காவல் படுத்தவரும் அவர்தான். பாட்டி கொடுத்த சோற்றை நான்தான் தூக்குவாளியில் கொண்டுபோனேன். "இருட்டுல தனியா வந்தியா கண்ணு? பூச்சி பொட்டு இருக்கும்" என்று சொல்லி, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் நெல்லுக்கும் எனக்கும் அவர் காவல். அவர் வீட்டுக்கு யார் காவல்? இத்தனை வருஷம் சரித்திரம் நடத்தியும் இந்தக் கேள்வியை நான் வகுப்பில் கேட்டதில்லை.

ஆனால் இதை 1891இலேயே ஒருவர் எழுதிவிட்டார். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர். இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசாங்கத்துக்கு அவர் அனுப்பிய குறிப்பில், நிலம் கிடைக்காத தடையையும், குடியிருக்கும் மனையும் தங்களுடையதாக இல்லாததால் வெளியேற்றிவிடுவோம் என்ற மிரட்டலுக்குள்ளேயே அவர்கள் வாழ்வதையும் விரிவாக எழுதினார். அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு 1843ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. ஆனாலும் காலடி மண் அடுத்தவனுடையதாக இருக்கும் வரை மனிதன் கட்டுப்பட்டவன்தான்.

அந்தக் குறிப்பின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. அதன் வழியே ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைத்த நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். குறிப்பிட்ட காலம் விற்கக்கூடாது, அதன் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியும் கடனுக்கும் கல்யாணச் செலவுக்கும் மிரட்டலுக்கும் நிறைய நிலம் கைமாறிப்போனது.

குடியிருப்பு மனைக்குச் சட்டம் வர 1971 ஆயிற்று. விவசாயத் தொழிலாளி பிறர் நிலத்தில் குடியிருந்தால், அந்த மனை அவருக்கே சொந்தம் என்றது அந்தச் சட்டம். "நம்ம மண்ணு போச்சே" என்று அப்பா முணுமுணுத்தார். அப்போது அவர் பக்கமே நியாயம் என்று நானும் நினைத்தேன். அந்தப் பெரியவர் பட்டாவைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் மகன் பார்த்தார். ஓலைக் குடிசைக்குச் செங்கல் சுவர் எழுந்தது அதற்குப் பிறகுதான். நாளைக்கே காலி பண்ண வேண்டிய இடத்தில் யார் சுவர் எழுப்புவார்கள்?

1994இல் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். 102 ஆண்டுக்கு முன் வந்த ஓர் ஆணை நடப்புக்கு வர வேண்டும் என்று கேட்டு இரண்டு உயிர். உங்களில் சிலர் அப்போது என் வகுப்பில் இருந்தீர்கள். நான் அன்றும் பாடம்தான் நடத்தினேன்.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், விளைந்த நிலமெல்லாம் மனையாகி, உயரமான மதிலும் இரும்புக் கேட்டும் தெரிகின்றன. கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் "எந்த ஊருங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "இதே ஊருதான் சார்" என்று சிலர் சொல்வார்கள்.

நம் பிள்ளைகள் இந்தப் பக்கம் மனை வாங்குகிறார்கள். பத்திரம், வில்லங்கம் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த சர்வே எண்ணுக்குப் பழைய அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நிபந்தனைப் பட்டா என்று தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலகிவிடுங்கள். பணம் போகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

அன்று கேள்வி கேட்ட மாணவியே, எங்கே இருக்கிறாய் அம்மா? மற்ற நாட்களில் ஏரியையும் ஊரையும் காத்தவர்கள், சொந்தமாக ஒரு சாண் மண் இல்லாதவர்கள். சார் சொல்ல மறந்த பதில் இதுதான்.

உங்கள் ஊரில் நீர்க்கட்டியாக, தலையாரியாக இருந்த தாத்தாக்களின் கதை தெரிந்தால் கீழே எழுதுங்கள். நான் படிக்கக் காத்திருக்கிறேன்.