தூர் வாரிய மண்ணும் தூர்த்த நிலமும்: மூன்று துறைமுக நகரங்களின் வரலாறு

தமிழில் ‘தூர்’ என்னும் சொல் ஒன்றுக்கொன்று எதிரான இரு செயல்களிலும் இடம்பெறுகிறது. கிணற்றின் அடியில் படியும் சேறு தூர். அதை அள்ளி வெளியேற்றுவது தூர் வாருதல். பள்ளத்தை மண்ணிட்டு மூடுவதோ தூர்த்தல். ஏரியும் ஆறும் தாமாகவே மண்டிப்போவது தூர்ந்துபோதல். ஓரிடத்தில் வாரிய மண் மற்றோரிடத்தைத் தூர்த்தே தீரும் என்பது மண்வெட்டி பிடித்த கைகளுக்குப் புதிய செய்தி அன்று. ஏரியில் அள்ளிய வண்டல் வயலுக்குப் போயிற்று. குளம் வெட்டிய மண் அதன் கரையாயிற்று. வெட்டியவரும் நிரப்பியவரும் பெரும்பாலும் ஒரே ஊரினர்.

இன்றைய கட்டுமானத் துறையின் கணக்கேடுகளில் இவ்விரு செயல்களும் பிரிந்து நிற்கின்றன. அடித்தளத்துக்காகவோ சுரங்கப்பாதைக்காகவோ தோண்டப்பட்ட மண் ஓர் ஒப்பந்தத்தில் ‘அகற்றப்பட வேண்டியது’. சில கிலோமீட்டருக்கு அப்பால் சாலைமேட்டுக்கு வேண்டிய மண் வேறோர் ஒப்பந்தத்தில் ‘கொண்டுவரப்பட வேண்டியது’. முன்னதற்கு லாரி வாடகை செலவாகிறது. பின்னதற்கு வாடகையோடு ஒரு குன்றோ ஒரு வயலின் மேல்மண்ணோ சேர்ந்து செலவாகிறது. இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது, அதைச் சேர்த்துவைத்த முயற்சிகள் எங்கே வென்றன, எங்கே தோற்றன என்பதை அறிய, இந்தியாவின் துறைமுக நகரங்களைவிடச் சிறந்த சான்று இல்லை. பம்பாய், கொச்சி, கல்கத்தா ஆகிய மூன்றும் வாரிய மண்ணின் மேல் தம்மில் ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டவை.

பம்பாய் ஏழு தீவுகளுக்கு இடையிலிருந்த நீரைத் தூர்த்து உருவான நகரம் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் அடுத்தடுத்து நிகழ்ந்த இரு பணிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். முதலாவது பல்லார்டு எஸ்டேட். 1914இல் திறக்கப்பட்ட அலெக்சாண்ட்ரா கப்பல்துறைக்காகத் தோண்டிய மண்ணையும் கல்லையும் பம்பாய்த் துறைமுகக் கழகம் அருகிலிருந்த கரையிலேயே நிரப்பியது. அவ்வாறு கிடைத்த 22 ஏக்கர் நிலத்தில் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் விட்டெட்டின் திட்டப்படி வணிக அலுவலகங்கள் எழுந்தன. தோண்டியதும் நிரப்பியதும் ஒரே நிறுவனம். தோண்டிய இடமும் நிரப்பிய இடமும் அருகருகே. தோண்டியதன் நோக்கம் கப்பல்துறை. மண் அதன் உடன்விளைவு. அதற்கு ஓரிடம் தேவைப்பட்டது, இடமும் கிடைத்தது.

இரண்டாவது, பேக்பே திட்டம். நகரின் மேற்குக் கரையில் அமைந்த அவ்வளைகுடாவைத் தூர்க்கும் எண்ணம் 1860களிலேயே தோன்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி விலை ஏறிய காலத்தில் அதற்கென ஒரு நிறுவனமும் தொடங்கப்பட்டது. 1865இல் போர் முடிந்து பங்குச்சந்தை சரிந்தபோது அதுவும் சரிந்தது. முதல் உலகப் போருக்குப் பின், நில விலை உச்சத்தில் இருந்தபோது, ஆளுநர் ஜார்ஜ் லாய்டு அத்திட்டத்தை உயிர்ப்பித்தார். பொறியாளர் ஜார்ஜ் புக்கானன் வகுத்த திட்டப்படி 1,145 ஏக்கர் கடல் நிலமாக வேண்டும். மேற்கே கடற்சுவர் எழுப்பி, கிழக்கே துறைமுகத்தின் அடியிலிருந்து வாரிய சேற்றைக் குழாய்களில் கொண்டுவந்து உட்புறத்தை நிரப்புவது என்று முடிவாயிற்று. வாரும் கப்பலுக்கு ஆளுநரின் பெயரே இடப்பட்டது.

காகிதத்தில் இது பல்லார்டு எஸ்டேட்டின் பெருவடிவம்போலத் தோன்றும். உண்மையில் அதன் வரிசை தலைகீழானது. இங்கே முதலில் முடிவானது நிலத்தின் பரப்பு. அடுத்து அதன் எதிர்பார்ப்பு விலை. மண் கடைசியாகத் தேடப்பட்டது. மண்ணோ கணக்குக்குக் கட்டுப்படவில்லை. எதிர்பார்த்த அளவுக்கு மென்களிமண் கிடைக்கவில்லை. வாரும் கப்பல் வாக்களிக்கப்பட்ட வேகத்தில் இயங்கவில்லை. நிரப்பிய சேறு சுவரின் கல்லிடுக்குகள் வழியே கடலுக்கே திரும்பிக் கசிந்தது. மறுபுறம், நகருக்கு வடக்கே கந்திவலியிலிருந்த ஒரு குன்று உடைக்கப்பட்டு, அதன் கல்லும் மண்ணும் ரயிலில் ஏறி வந்தன. செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. நில விலையும் வீழ்ந்தது.

இச்சீர்கேட்டை வெளிக்கொணர்ந்தவர் வழக்கறிஞர் கே. எஃப். நரிமன். அவர்மீது திட்டப் பொறியாளர் ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கில் அவர் விடுதலையானார். 1926இல் கிரிம்வுட் மியர்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. எட்டுப் பிரிவுகளில் நான்கு கைவிடப்பட்டன. நிலமானது ஏறத்தாழ 440 ஏக்கர் மட்டுமே. கைவிடப்பட்ட பகுதியில் பல பத்தாண்டுகளுக்குப் பின் உருவான வணிக மையம் இன்று நரிமன் முனை என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. கடலைத் தூர்த்த கணக்கைத் தட்டிக்கேட்டவரின் பெயர் அதே தூர்த்த நிலத்துக்கு அமைந்தது.

களிமண் ஏன் ஏமாற்றியது என்பதற்கு எளிய விடை உண்டு. வாரிய சேற்றில் பெரும்பகுதி நீர். மணலானால் துகள்களுக்கு இடையே நீர் விரைவில் வடிந்து, நிலம் சில மாதங்களில் இறுகும். களிமண்ணின் நுண்துகள்கள் நீரை எளிதில் விடுவதில்லை. வடிய ஆண்டுகள் ஆகும், வடிய வடிய நிலமும் தாழும். ஆகவே ‘இத்தனை கன அடி மண் உண்டு’ என்ற கணக்கு தனியே ஒன்றும் சொல்வதில்லை. அது எவ்வகை மண், எவ்வளவு நீரைப் பிடித்துவைத்திருக்கிறது, உப்பும் உலோக நச்சும் எவ்வளவு கலந்துள்ளன என்பவை தெரிந்த பின்னரே அதைக் கட்டுமானப் பொருள் என்று கூற இயலும். பேக்பேயில் இக்கேள்விகளுக்கு நம்பகமான விடை கிடைக்கும் முன்பே சுவர் எழுந்துவிட்டது.

அதே பத்தாண்டில் கொச்சியில் நடந்தது வேறு. பெரியாற்றில் 1341இல் பெருகிய வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையை மணலால் அடைத்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். எனினும் அம்முகத்துவாரத்தின் வெளியே கிடந்த மணல்திட்டு பெருங்கப்பல்களை நெடுங்காலம் கடலிலேயே நிறுத்திவைத்தது. சரக்கு படகுகளில் ஏறி இறங்கியது. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, அத்திட்டை வெட்டிக் கால்வாய் அமைக்க முடியும் என்ற முடிவுக்கு வருமுன் நீரோட்டங்களையும் மணலின் போக்கையும் நெடிது ஆராய்ந்தார். கால்வாய் வெட்டினால் வைப்பின் கரை அரிக்கப்படுமோ என்ற கேள்வியை முதலில் எதிர்கொண்டு, கருங்கல் தடுப்புகளால் அக்கரைக்குக் காப்பளித்த பின்னரே பெருவாரலில் இறங்கினார். சென்னை மாகாணம், கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று அரசுகளின் உடன்பாடும் அதற்குத் தேவைப்பட்டது.

மாகாண ஆளுநர் வில்லிங்டனின் பெயர் தாங்கிய வாரும் கப்பல் 1926இல் வந்தது. 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. வாரிய மண் வெண்டுருத்தித் தீவை அடுத்த காயல் பரப்பில் கொட்டப்பட்டு, ஏறத்தாழ 780 ஏக்கர் நிலமாயிற்று. அதுவே வில்லிங்டன் தீவு. துறைமுக அலுவலகமும் சரக்குத் துறைகளும் ரயில் நிலையமும் கடற்படைத் தளமும் அதன் மேல் அமைந்தன. கப்பல் வர வேண்டும் என்பதற்காக வாரிய மண், வந்த கப்பல் சரக்கை இறக்குவதற்கான நிலமாயிற்று. வாரும் திட்டமும் நிரப்பும் திட்டமும் ஒரே வரைபடத்தில், ஒரே பொறியாளரின் பொறுப்பில் இருந்தன. பல்லார்டு எஸ்டேட்டின் வரிசை இங்கே பேரளவில் மீண்டது.

பிரிஸ்டோ சேற்றை எவ்வளவு மதித்தார் என்பதற்கு 1938இல் வெளிவந்த அவருடைய நூலே சான்று. கேரளக் கரையில் மழைக்காலத்தில் தோன்றும் சேற்றுத் திட்டுகளின் வரலாறு அதன் பொருள். அத்திட்டுகள் அலையை அடக்கிக் கடலை அமைதியாக்கும். அங்கே மீன் திரளும். அக்கரையின் மீனவர் அவ்வளத்தைச் ‘சாகர’ என்பர். பொறியாளருக்குத் தடையாகத் தோன்றும் சேறு மீனவருக்கு விளைநிலம். இவ்விரண்டாம் பார்வை கல்கத்தாவில் கணக்கில் சேரவில்லை.

கல்கத்தாவின் கிழக்கே உப்பேரிகள் பரந்திருந்தன. அவற்றுக்குக் கடலலையைக் கொண்டுவந்த வித்யாதரி ஆறு மெல்லத் தூர்ந்து, 1928இல் செயலிழந்த ஆறாக அறிவிக்கப்பட்டது. உவர்நீர் வரத்து நின்ற ஏரிகளில் மீன் வளர்த்தவர்கள் நகரின் கழிவுநீரைப் பாய்ச்சி நன்னீர் மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டனர். வெயிலும் பாசியும் கழிவுநீரைத் தூய்மையாக்கின. நகரம் தன் கழிவைக் கொடுத்து மீனைப் பெற்றது. இவ்வேற்பாட்டைப் பொறியாளர்கள் வகுத்துத் தரவில்லை. மீனவர்களும் பண்ணையாளர்களும் பட்டறிவால் அமைத்துக்கொண்டனர்.

பிரிவினைக்குப் பின் அகதிகளால் நிரம்பிய கல்கத்தாவுக்கு நிலம் தேவைப்பட்டது. ஹூக்ளி ஆறோ வண்டலால் மண்டிக் கப்பல் போக்குவரத்தை நெருக்கியது. ஒன்றின் மிகுதியால் மற்றதன் குறையைத் தீர்க்கலாம் என்பது முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் எண்ணம். 1962 ஏப்ரல் 16 அன்று பணி தொடங்கியது. யூகோஸ்லாவியாவின் இன்வெஸ்ட் இம்போர்ட் நிறுவனம் ஹூக்ளியின் வண்டலை நீரோடு கலந்து குழம்பாக்கிக் குழாய்களின் வழியே ஏரிப் பரப்புக்குச் செலுத்தியது. நீர் வடிய, மண் தங்கியது. அந்நாட்டுத் திட்டக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச் நகரமைப்பை வரைந்தார். அந்நகரம் இன்று பிதான்நகர்.

மண்ணறிவின் நோக்கில் இதில் குறைகாண்பது அரிது. பேக்பேயில் பொய்த்த முறை இங்கே பலித்தது. ஆனால் நிரப்பப்பட்ட இடம் வரைபடத்தில் ‘சதுப்பு’ என்று மட்டும் குறிக்கப்பட்டது. அங்கிருந்த மீன்குளங்களும் அவற்றால் வாழ்ந்தவரும் அச்சொல்லுக்குள் மறைந்தனர். எஞ்சிய ஈரநிலத்தின் மதிப்பைச் சூழலியலாளர் துருவஜோதி கோஷ் ஆராய்ந்து எழுதினார். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அதை மேலும் தூர்ப்பதற்குத் தடை விதித்தது. 2002இல் ஏறத்தாழ 12,500 எக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தூர்த்த பின் தெரியவந்த மதிப்பு, தூர்க்காத பகுதிக்கு மட்டுமே பயன்பட்டது.

தோண்டிய மண்ணை மறுபடி பயன்படுத்துவது இன்று மீண்டும் பேசுபொருளாகியிருப்பதால் இவ்வரலாறு இன்றைக்கும் தேவைப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன் கழிவை உண்டாக்குவோர் அதைத் தரம்பிரிக்க வேண்டும் என்றன. பிரிக்க வேண்டிய பொருள்களில் மண்ணும் ஒன்று. ஆயினும் 2020இல் நடுவண் அரசு சாலை, குழாய்வழி போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்காகச் சாதாரண மண் எடுப்பதற்குச் சுற்றுச்சூழல் முன்னனுமதி வேண்டாம் என்று விலக்களித்தது. ஒரு பக்கம் மண் கழிவாக எண்ணப்பட, மறுபக்கம் புது மண் எளிதாகக் கிடைக்க வழி செய்யப்பட்டது. அவ்விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் நீக்கியது.

இரு கணக்குகளையும் இணைத்த முயற்சிகளும் உண்டு. மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில் குளங்களையும் ஓடைகளையும் ஆழப்படுத்தி, அம்மண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் பணிக்குக் கொடுத்தனர். சாலைக்கு மண்ணும் ஊருக்கு நீரும் ஒரே செலவில் கிடைத்தன. 2022இல் தொடங்கிய அம்ரித் சரோவர் திட்டத்திலும் குளம் வெட்டிய மண்ணை ரயில், சாலைப் பணிகளுக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இடம்பெற்றது. பழைய ஏரி வண்டலின் வழிமுறை ஒப்பந்தப்புள்ளியின் மொழியில் திரும்பி வந்திருக்கிறது எனலாம்.

ஆனால் மறுபயன்பாடு என்ற பெயர் மட்டும் ஒரு திட்டத்தை நல்லதாக்கிவிடாது. பேக்பேயும் தன் காலத்தில் வாரிய மண்ணின் மறுபயன்பாடுதான். உப்பேரியைத் தூர்த்ததும் அவ்வாறே. எனவே ஒரு திட்ட அறிக்கையைப் படிக்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மண் வேறு தேவைக்காகத் தோண்டப்பட்டதா, நிலம் வேண்டும் என்பதற்காகவே தோண்டப்படுகிறதா? அதன் இயல்பு சோதித்து அறியப்பட்டதா? அது விழும் இடத்தில் இப்போது யார் வாழ்கிறார், எதைக் கொண்டு வாழ்கிறார்? முதற்கேள்விக்குப் பல்லார்டு எஸ்டேட்டும் இரண்டாவதற்குக் கொச்சியும் தக்க விடை தந்தன. மூன்றாவது கேள்வி கல்கத்தாவில் முப்பது ஆண்டுகள் தாமதமாக, ஒரு நீதிமன்றத்தில் எழுந்தது. அறிக்கையில் ‘தரிசு’ என்றோ ‘சதுப்பு’ என்றோ ஓர் இடம் குறிக்கப்பட்டிருந்தால், லாரிகள் புறப்படும் முன்பே அவ்விடத்துக்குச் சென்று பார்ப்பது நல்லது.