மடிக்கணினியை மாற்றுவதற்கு முன்: நம் தமிழ்க் கோப்புகளின் கதை



பத்தாண்டுகளாக எனக்கு உழைத்த மடிக்கணினிக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. மின்கலம் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. மூடியின் ஒருபக்கக் கீல் உடைந்துவிட்டது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால், விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுக்கு வந்தது. 2015இல் வாங்கிய என் கணினியின் நுண்செயலியோ விண்டோஸ் 11 கேட்கும் தகுதிப் பட்டியலில் இல்லை. ஆகவே, புதியது ஒன்று வாங்கியே தீர வேண்டும்.

எதை வாங்கலாம் என்று ஆசிரியர் அறையில் கேட்டேன். “டீச்சர், வலை உலாவி திறந்தால் போதுமே, குரோம்புக் வாங்குங்கள், டெலிமா தளத்திற்கு அது தாராளம்” என்றார் ஒருவர். ஆப்பிள் கணினி பத்தாண்டு உழைக்கும் என்றார் இன்னொருவர். நினைவகம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது என்றான் என் மகன். எல்லாம் நல்ல அறிவுரைகள்தாம். ஆனால், என் பழைய கோப்புகள் புதிய கணினியில் தமிழாகத் திறக்குமா என்று எவரும் கேட்கவில்லை.

அந்தக் கணினியில் 2004ஆம் ஆண்டுக் கோப்புறை ஒன்று உள்ளது. அவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓர் இடுபணி கொடுத்தேன். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் தோட்ட வாழ்க்கையைப் பற்றிக் கேட்டு எழுதி வர வேண்டும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றது, மங்கு துடைத்தது, காண்டா வாளி சுமந்தது, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியது என்று முப்பத்தொரு பிள்ளைகள் எழுதி வந்தனர். அவற்றை நானே தட்டச்சு செய்தேன். அம்முதியவர்களுள் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் பெயர் சொன்ன கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுள் சில இன்று வீடமைப்புப் பகுதிகள். கைப்பிரதிகளோ என் வீட்டு அலமாரியில் கரையானுக்கு இரையாகிவிட்டன. எஞ்சியிருப்பவை அந்தக் கோப்புகள் மட்டுமே.

ஒரு கோப்பு திறப்பதில் என்ன பெரிய சிக்கல் என்று இளம் ஆசிரியர்கள் வியக்கக்கூடும். அவர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிச் செல்கிறேன்.

தமிழை இயந்திரத்தில் ஏற்றிய வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப்படும் ரா. முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்தவர். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கிக் காட்டியவர் அவர். தட்டச்சுப் பொறியில் ஒரு வசதி இருந்தது. பொறி பழுதாகி வேறு பொறி வாங்கினாலும், பழைய பொறியில் அடித்த தாளை யாரும் படிக்கலாம். கணினி வந்தபோது அந்த வசதி போயிற்று.

1985இல் நம் நாட்டின் திரு. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் முரசு அஞ்சல் என்னும் பெயரில் அது உலகத் தமிழரிடம் பரவியது. தமிழகத்திலும் ஈழத்திலும் சிங்கப்பூரிலும் புலம்பெயர் நாடுகளிலும் வேறு பலரும் எழுத்துருக்கள் படைத்தனர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் திருமண அழைப்பிதழும் பள்ளி ஆண்டிதழும் அச்சுக்கோத்த கடைகளில் ஏறக்குறைய கடைக்கொரு எழுத்துரு இருந்த காலம் அது. ஒரு கடையில் செய்ததை இன்னொரு கடையில் திறந்தால், தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும்.

காரணம் எளிமையானது. கணினி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை, எண்ணாகச் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணைக்குக் குறியேற்றம் என்று பெயர். ஒவ்வொருவரும் ஒவ்வோர் அட்டவணை வைத்துக்கொண்டனர். இதைச் சீர்செய்யவே தகுதரம் எனப்படும் டிஸ்கி குறியேற்றம் இணையத்தில் கலந்துரையாடி உருவாக்கப்பட்டது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் எனும் இரு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஒரு தரத்தைத் தேடிப் போய் மூன்று தரங்கள் கிடைத்தன! 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது.

இவற்றுள் டாம் குறியேற்றத்தைப் பற்றி நம் நாட்டு ஆசிரியர்கள் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். அதில் ஆங்கில எழுத்துகளின் இடங்களையும் தமிழே எடுத்துக்கொள்ளும். டிஸ்கியும் டாப்பும் அப்படியல்ல. அவற்றில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருக்கும். நம் வினாத்தாள்களின் தலைப்பில் ‘நாமா’, ‘தாரிக்’ என்று மலாய்ச் சொற்கள் இல்லாமல் இருக்காது. டாம் போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பை முழுமையாகத் தெரிவுசெய்து மாற்றியில் இட்டால், தமிழ் சரியாக வரும். மலாய்ச் சொற்கள் பொருளற்ற தமிழாகிவிடும். மாணவர் பெயர்ப் பட்டியல் ஒன்றை இப்படிக் குழப்பி, பின் ஒரு மாலைப் பொழுது முழுவதும் திருத்தியிருக்கிறேன்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால், அது நம் மேசைக்கு வந்து சேரப் பல ஆண்டுகளாயின. விண்டோஸ் 2000 பதிப்பில்தான் ‘லதா’ எழுத்துருவோடு தமிழ் இடம்பெற்றது. அடுத்து வந்த எக்ஸ்பியிலும் தமிழ் இருந்தது, ஆனால் உறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழிப் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் குறியிட்டு, இயங்குதளக் குறுவட்டையும் செருகினால்தான் அது விழிக்கும்.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. அப்பாடங்களைக் கற்பித்த ஆசிரியர்களுக்கு மடிக்கணினி வழங்கப்பட்டது. அறிவியல் ஆசிரியையான எனக்கும் ஒன்று கிடைத்தது. என் முதல் மடிக்கணினி அதுதான். ஆங்கிலத்தில் அறிவியல் கற்பிக்க வந்த கருவியில் இரவெல்லாம் தமிழ் தட்டச்சு செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! என்னிடம் எக்ஸ்பி குறுவட்டு இல்லாததால் ஒருங்குறிக்குப் போக முடியவில்லை. கிடைத்த எழுத்துருக்களிலேயே எழுதினேன். முதியோர் நேர்காணல்கள் பிறந்ததும் அப்படித்தான். அக்கொள்கையைக் கைவிடுவதாக 2009 ஜூலையில் அரசு அறிவித்தது. அந்த ஆண்டே நான் சொந்தமாக ஒரு கணினி வாங்கினேன். அப்பொழுது ஓர் எழுத்துருவைப் படியெடுக்க மறந்தேன். மூன்றாண்டு வினாத்தாள்கள் அன்றோடு ஊமையாயின. பிழை என்னுடையதே.

இந்த அனுபவத்தோடுதான் இம்முறை கடைக்குக் கிளம்பினேன். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்து லோ யாட் பிளாசா. விற்பனை இளைஞர் தமிழர். “எந்த வேலைக்கு அக்கா?” என்று கேட்டார். இருபதாண்டுப் பழைய தமிழ்க் கோப்புகளைத் திறப்பதற்கு என்றேன். அவர் சிரித்தார், ஆனால் பொறுமையாகக் கேட்டார்.

குரோம்புக் இந்த வேலைக்கு ஒத்துவராது. பழைய எழுத்துருவை அதில் விண்டோசில் போல எளிதாக நிறுவ முடியாது. வகுப்பறைக்கு மட்டும் என்றால் அதையே வாங்கியிருப்பேன், விலையும் குறைவு. ஆப்பிள் கணினி தமிழுக்கு நல்ல வீடு. 2005லேயே முத்து நெடுமாறனின் ‘இணைமதி’ எழுத்துருவும் அஞ்சல், தமிழ்99 விசைமுகங்களும் அதனுள் இடம்பெற்றன. ஆனால், நான் பயன்படுத்தும் என்.எச்.எம். மாற்றி விண்டோசுக்கானது. ஆகவே விண்டோஸ் 11 கணினியே வாங்கினேன். நினைவகம் 16 ஜிபி; மகன் சொல் தட்டவில்லை. தமிழ்99 விசைமுகம் அதிலேயே உள்ளது. ‘நிர்மலா’ எழுத்துருவும் உள்ளது. ‘லதா’வில் அடித்த கோப்பு வைத்திருப்போர், விருப்ப வசதிகள் பகுதியில் தமிழுக்கான துணை எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிற்கு வந்து முதலில் செய்தது, பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையை முழுமையாகப் படியெடுத்தது. அடுத்து, முப்பத்தொரு கோப்புகளையும் பழைய கணினியிலேயே பி.டி.எஃப். ஆக மாற்றினேன். எழுத்துரு உள்ளேயே பொதிந்துவிடுவதால் கண்ணால் படிக்கவாவது முடியும். அதன்பின் ஒருங்குறி மாற்றம். டிஸ்கியில் இருந்த இருபத்திரண்டும் சிக்கலின்றி மாறின. பழைய முறையில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாக இருக்கும். ஒருங்குறியில் முதலில் ககரம், பின்னரே உயிர்க்குறி. இந்த வரிசை மாற்றத்தை மாற்றியே செய்துவிடுகிறது. இணையத்தில் சுரதாவின் ‘பொங்குதமிழ்’ செயலியும் இப்பணியைச் செய்யும்.

மீதி ஒன்பது கோப்புகளின் எழுத்துரு எந்த அட்டவணையைச் சார்ந்தது என்று எந்த மாற்றிக்கும் தெரியவில்லை. எழுத்துரு கையில் இருப்பதால் திரையில் படிக்க முடிகிறது, மாற்றத்தான் முடியவில்லை. ஆகவே, இணையத் தொடர்பைத் துண்டித்த பழைய கணினியை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்து வருகிறேன். பள்ளி விடுமுறையில் ஐந்து முடிந்தன. ஆறாவது, காண்டா சுமந்து தோள் காய்த்துப்போன ஒரு பாட்டியின் கதை. இன்றிரவு அதைத் தொடங்குகிறேன்.