உழவனுக்குக் கூலி எது?

தொழிலாளிக்குக் கூலி கொடுக்க முதலாளி உண்டு. அக்கூலிக்குக் கீழெல்லை வகுக்க இலங்கையில் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் உண்டு. தன் நிலத்தில் தானே பாடுபடும் உழவனுக்கோ சந்தை விலையே கூலி. இதனை யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாறு நன்கு விளக்கும்.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கில்லை. கிணற்று நீரை இறைத்தே செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தனர். 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது, விலை உயர்ந்தது, உழவர் குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது, விலை வீழ்ந்தது. மண்ணும் மாறவில்லை, உழைப்பும் குறையவில்லை. வருவாய் மட்டும் குறைந்தது.

வாங்குவோர் நலனும் கருதத்தக்கதே. ஆயினும், கூலிக்குக் கீழெல்லை வேண்டுமென்று ஒப்பிய சமுதாயம், விளைச்செலவோடு குடும்பச் செலவையும் கணக்கிட்டு விளைபொருளுக்கும் ஓர் எல்லை காணவேண்டுமன்றோ?